வாவியில் நான் எண்ணிய நான்கு பேர்

ஜெட் விமானம் வாவிக்குள் விழுந்த நேரம் எங்கள் பாதை நடுத்தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் இயந்திர மிதவையைத்தான் பாதை என்போம். குருக்கள்மடத் துறையில் நான் அதை மேற்பார்வை செய்யும் ஓவசியர். அந்தக் காலைப் பயணத்தில் ஆட்கள் முப்பத்தொன்று, மோட்டார் சைக்கிள் ஏழு. ஏறும்போது, நடுவில், இறங்கும்போது என்று மூன்று தடவை எண்ணுவேன். பதினெட்டு வருடத்தில் ஒரு தலையும் தவறியதில்லை.

அது படை விமானம். ஓடுபாதையை விட்டு எழும்பி இரண்டு நிமிடமும் ஆகியிராது. வால் பக்கம் புகைந்தது. சரிவதற்கு முன் நான்கு கரிய உருவங்கள் மேலே தெறித்தன. இரண்டுக்குப் பாரசூட் விரிந்தது. மற்ற இரண்டும் விமானம் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தன.

கிட்டத் தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்த யோகனைக் கூப்பிட்டேன்.

"நாலு பேர் மனே. ரெண்டு பேருக்குப் பாரசூட் விரியல்ல. அந்தா, அதுக்குப் பக்கத்தில விழுந்திட்டாங்க."

யோகன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தோணியை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் குதித்தான். தண்ணீரின் மேல் எண்ணெய் பரவிக்கொண்டிருந்தது. விமானத்தின் மறுபக்கம் தீ.

இதற்குள் ஒரு விமானி பாதைக்குக் கிட்ட இறங்கினார். எங்கள் எஞ்சின் சாரதி காத்தான்குடி சலீம் கயிறு வீசி அவரை ஏற்றினார். சலீமுக்குச் சிங்களம் வரும்.

"எத்தினை பேர் வந்தாங்களாம், கேளும் சலீம்."

"ரெண்டு பேர்தானாம், ஓவசியர். அந்தா, மற்றவர் கரைச்சேத்துக்க நின்டு கை காட்டுறார்."

"அப்ப மற்ற ரெண்டும்?"

"அவங்க இருந்து வந்த சீட்டாம். ஆளைத் தூக்கிக்கொண்டு வந்து, பிறகு தனியாக் கழண்டு விழுமாம்."

பாதையின் விளிம்புக்கு ஓடினேன். யோகன் மேலே வந்து மூச்சு வாங்கினான். தீ அவனிலிருந்து முப்பது முழம்கூட இல்லை.

"வெளிய வா மனே. என்ட கணக்குப் பிழை. ரெண்டு பேர்தான்."

"உங்கட கணக்கு எப்ப ஐயா பிழைச்சது? இன்னொருக்காச் சுழியோடிப் பாத்திட்டு வாறன்."

போய்விட்டான். பதினெட்டு வருடம் நான் சேர்த்த பெயர் அவனைத் தண்ணீருக்குள் பிடித்து வைத்திருந்தது. எண்ணத் தொடங்கினேன். முப்பத்தாறில் தலை தெரிந்தது.

"யோகன், நீ தேடுறது ரெண்டு கதிரை. மனுசன் இல்ல, கதிரை."

விமானியும் என் பக்கத்தில் நின்று இரண்டு விரலைக் காட்டினார். யோகன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கதிரைக்கா என்னைச் சுழியோட விட்டீங்க?" என்று ஏசிக்கொண்டே தோணியில் ஏறினான். அவன் சுழியோடிய இடத்தைத் தீ மூடியபோது தோணி எங்கள் பாதையோடு வந்து சேர்ந்திருந்தது. அவன் கண் இரண்டும் சிவந்திருந்தன. வேறு சேதமில்லை.

எண்ணியதில் பிழையில்லை என்று இன்றும் சொல்வேன். விழுந்தவை நான்குதான். நான்கும் மனிதர் என்று முடிவு கட்டியதுதான் என் பிழை. துறையில் இப்போது வேலை பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது இது. அவசரத்தில் ஒரு எண்ணிக்கை சொன்னால், கண்ணால் கண்டது எது, நீங்களாக நினைத்தது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். அதை நம்பி ஒருவர் தண்ணீருக்குள் இறங்குவார். நீங்கள் திருத்திச் சொல்லும்போது அவருக்குக் காது கேட்காது.