அத்தைக்குப் பக்கத்தில் நின்ற ஆள்

கட்கி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமை என்பது தூங்குவதற்கென்றே கண்டுபிடிக்கப்பட்ட நாள். வாரமெல்லாம் ஷிப்ட் பார்த்த ஆண்களும், அந்த ஷிப்டுக்குச் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்த பெண்களும் அன்றைக்கு வெயில் ஏறும்வரை கதவைத் திறப்பதில்லை. அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையை என் சித்தப்பா பாழாக்கினார். அப்போது எனக்கு எட்டு வயது. இப்போது நானும் வேலைக்குப் போகவும் வரவும் வாகட் சிக்னலில் நாளைக்கு இரண்டு வேளை நின்று அலுத்துப்போகிறவள். அந்த நாளை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது பாதியில் போன தூக்கம்தான்.

சித்தப்பாவுக்குத் தொழிற்சாலை வேலை. ஓய்வு நாட்களில் கல்யாண வீடுகளில் போட்டோ எடுப்பார். மாலையையும் தாலியையும் எடுத்து எடுத்து அவருக்குச் சலித்துவிட்டது. "நிக்கற ஆளை எவன் வேணா எடுப்பான்" என்பார். ஸ்டூடியோக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பெரிய டெலி ஜூம் லென்ஸை ஒரு நாளைக்கு வாங்கி வந்திருந்தார். எங்கேயோ இருப்பதை இழுத்துக் கண்முன்னால் வைக்கிற லென்ஸ். அதன் நீளத்தைப் பார்த்து அப்பா அதற்கு 'தோப்' என்று பேர் வைத்தார்; இந்தியில் பீரங்கி. எங்கள் ஏரியாவில் அதைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது. வெடிமருந்துத் தொழிற்சாலைச் சுவரோரம் கைப்பேசியைத் தூக்கினாலே காவலுக்கு நிற்பவர் ஊர், பேர் எல்லாம் விசாரிப்பார். அதனால், ஊருக்கு வெளியே ஓர் அணையில் நடந்த ஸ்பீட் போட் பந்தயத்துக்குப் போவது என்று முடிவாயிற்று.

அன்று சாயங்காலம்தான் அத்தையின் கல்யாணத்துக்குத் தேதி குறிக்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை. தளேகாவில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. விடிகாலையில் லோக்கல் ரயில் பிடித்துப் போய் இருட்டிய பிறகு வருவாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அன்றைய கதையை ஆரம்பித்துவிடுவாள். மாப்பிள்ளைக்கு வாகட்டில் சொந்த ஃப்ளாட், ஐடி வேலை. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போக வேண்டாம் என்று அவர்கள் சொன்னதும், அப்பா அதைத் தங்கைக்குக் கிடைத்த பெரிய சலுகையாக நினைத்து நன்றி சொன்னார். அத்தையை யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்ற கெட்ட எண்ணமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அத்தை கதை சொல்வதை நிறுத்திவிட்டாள்.

"வெயில்ல போனா மூஞ்சி கறுத்துப் பூடும்டி" என்று அம்மா தடுத்துப் பார்த்தாள். அத்தை துப்பட்டாவைத் தலையில் சுற்றி, என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இரண்டு பஸ், அப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ. நான் எல்லாவற்றிலும் தூங்கினேன்.

அணையில் சித்தப்பா ஒரு பாறைமேல் ஏறி நின்றுகொண்டார். எங்களை ஓரமாக எங்கேயாவது நில்லுங்கள் என்று விரட்டிவிட்டார். நாங்கள் கரையோடு வெகுதூரம் நடந்து, படகுகள் வளைந்து திரும்புகிற இடத்துக்குப் போய்விட்டோம். படகுகள் வந்தபோது பத்து மிக்ஸியைக் காதுக்குள் ஓடவிட்டது போலச் சத்தம். ஒன்று திரும்பின வேகத்தில் தண்ணீர் எழும்பி என்னைத் தலையோடு கால் நனைத்தது. அதைப் பார்த்து அத்தை சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு, வாயைப் பொத்தாமல், முழுசாகச் சிரித்தாள். எங்களுக்குப் பின்னால் ரொம்ப தூரத்தில், மேட்டில், ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒருவர் வடாபாவ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பசி, அதனால்தான் அவர் நினைவில் இருக்கிறார்.

சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். நல்ல நேரம் வரக் கொஞ்சம் பாக்கி இருந்தது. அதுவரை சும்மா இருப்பானேன் என்று சித்தப்பா கேமராவை டிவியில் மாட்டிப் படங்களைக் காட்ட ஆரம்பித்தார். தலைவலியோடு உட்கார்ந்திருந்த அப்பா கண்ணாலேயே வேண்டாம் என்றார். சித்தப்பா அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

"படகு போற வேகத்துக்கு நாமளும் கேமராவைத் திருப்பிக்கினே போவணும். அப்போ படகு தெளிவா வுழும், பின்னாடி எல்லாம் கலங்கிடும். திருப்பாம நின்னுட்டோம்னு வெய்யுங்க, இதோ, இந்த மாதிரி உல்டாவா ஆயிடும். இது வேஸ்ட் படம்."

அந்தப் படத்தில் படகு ஒரு வெள்ளைத் தீற்றலாகப் போயிருந்தது. அதற்குப் பின்னால், துளிக் கலக்கம் இல்லாமல், அத்தை. அவள் தோளை ஒட்டினாற்போல ஆரஞ்சு ஜாக்கெட்காரர். வடாபாவ் அவள் தலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. திறந்த வாய் மட்டும் அவள் காதருகே தெரிந்தது. அவர் ஏதோ சொல்ல, அவள் சிரிக்கிற மாதிரியே இருந்தது. நான் கீழே எங்கேயோ வெட்டுப்பட்டுப் போயிருந்தேன்.

சித்தப்பா அடுத்த படத்துக்குப் போகப் போனார்.

"இருங்க. நம்ம பொண்ணுதானே அது? பக்கத்துல யாரு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை டிவியைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தெரிஞ்சவர்தாங்க" என்றாள்.

அப்பாவின் முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டது. அம்மா காபித் தட்டோடு அப்படியே நின்றாள். சித்தப்பாதான் குதித்து எழுந்தார். அவருக்குத் தங்கையைவிட லென்ஸின் மேல் பழி வந்துவிட்டதே என்ற ஆத்திரம்.

"அய்யோ, இவ இன்னாமோ உளர்றா! அந்த ஆளு எங்கியோ நிக்கறான். தூரத்துலேர்ந்து இந்த லென்ஸ்ல எடுத்தா முன்னாடி இருக்கறதும் பின்னாடி இருக்கறதும் ஒட்டிக்கும். வாங்க, காட்டறேன்."

எல்லோரையும் வெளி வராண்டாவுக்கு இழுத்துப் போனார். கைப்பிடிச் சுவரில் ஒரு டம்ளர், வராண்டாவின் அடுத்த கோடியில் இன்னொரு டம்ளர். தான் எதிரே இருந்த மைதானத்தைத் தாண்டிப்போய் நின்று எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். டிவியில் இரண்டு டம்ளரும் அண்ணன் தம்பி மாதிரி தோளோடு தோள் உரசி நின்றன. அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளையின் அப்பா, "அட!" என்று எழுந்துவிட்டார். தானும் மனைவியும் டம்ளர்களின் இடத்தில் போய் நிற்பதாகச் சொன்னார். சித்தப்பா எடுத்து வந்த அந்தப் படத்தைப் பார்த்து அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நாம இவ்ளோ பக்கத்துல நின்னதே இல்லீங்க!"

வீடே சிரித்தது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லைங்க, நிஜமாவே அவரை எனக்கு..." என்று அத்தை ஆரம்பித்தாள்.

"பயத்துல வாய் குழறிப் போச்சு பாவம், சின்னப் பொண்ணுதானே" என்று மாப்பிள்ளையின் அம்மா அவள் கன்னத்தைத் தடவி, கொண்டுவந்த பூவைத் தலையில் வைத்துவிட்டார். முதலில் சித்தப்பாவை நம்பாமல் படத்தை நம்பினார்கள். இப்போது அத்தையை நம்பாமல் டம்ளரை நம்பினார்கள். என்னைக் கேட்டிருந்தால் நானும் வடாபாவ் விஷயத்தைச் சொல்லியிருப்பேன். நல்லவேளை, கேட்கவில்லை. நல்ல நேரம் வந்தது, தேதி குறித்தார்கள்.

அவர்கள் போன பிறகு அப்பா சட்டையோடு படுத்துத் தூங்கிவிட்டார். அத்தை பின்கட்டுக் குழாயடியில் காபிப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டேன்.

"அத்தை, அவரைத் தெரியும்னு ஏன் பொய் சொன்னே?"

"வேற எப்படி நிறுத்தறதுன்னு தெரியலடி."

"எதை? போட்டையா?"

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமா. போட்டைத்தான்."

"போட்டுக்கு பிரேக்கே கெடையாது, அத்தை. சித்தப்பா சொன்னாரு. இன்ஜினை ஆஃப் பண்ணாலும் அது பாட்டுக்குப் போய்க்கினேதான் இருக்குமாம்."

அத்தை குழாயை மூடாமல் அப்படியே படியில் உட்கார்ந்து, ஈரக் கையோடு என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். பெரியவர்களுக்கே தெரியாத ஒன்றைச் சொல்லிவிட்ட பெருமையில், அந்தப் படகு எப்படித் திரும்பும் என்பதையும் அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன்.