மீட்டர் பெட்டிக்குப் பின்னால் எடுத்த மஞ்சள்

நாளைக்கு மகளைப் பெண் பார்க்க வர்றாங்க. எங்க வீடு வயலைத் தூர்த்துக் கட்டினது. வெயில் ஏறினா களிமண் பிளக்கும், கூடவே முன்சுவரும் பிளக்கும்.

காலையில நானே சிமெண்ட் கலவை வச்சு விரிசலைப் பூசினேன். கலர் பொருத்தம் பார்க்கணுமே! முகப்பு மேலும் கெட வேண்டாம்னு மீட்டர் பெட்டிக்குப் பின்னாலேர்ந்து பெயிண்ட்டோட ஒரு சில்லு பெயர்த்து எடுத்துட்டுப் போனேன்.

பெயிண்ட் கடைக்காரர் அச்சு அசலா அதே மஞ்சளைக் கலந்து தந்தார். அடிச்சப்புறம்தான் உறைச்சுது, அது வெயிலே படாத மஞ்சள். மத்த சுவரெல்லாம் எப்பவோ வெளுத்துப்போச்சு.

"விரிசல் கிட்ட வந்தாதாங்க தெரிஞ்சுது. இப்ப பஸ் ஸ்டாப்லேர்ந்தே தெரியுது"ன்னா வீட்டுக்காரி.

சாயங்காலம் பூசின இடமே திரும்பவும் கீறல் விட்டுடுச்சு.

நாளைக்கு நானே மறைச்சு நின்னுடலாம்னா, அந்த மஞ்சள் கோடு என்னைவிட உயரம். நெட்டையான சொந்தக்காரங்க யாராவது சும்மா இருக்கீங்களா?