பிளாப்பியில் வைத்த சந்தனம்

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்புப் போடக் கூடாது, பேசக் கூடாது, முடிந்தால் தும்மவும் கூடாது என்பது எங்கள் சாரின் சட்டம். திண்டிவனத்தில் நான் படித்த கல்லூரியில் அப்போது அந்த ஒரு அறைக்குத்தான் ஏ.சி. இருந்தது. மிஷினும் ஒன்றே ஒன்றுதான். அதற்கு ஏதாவது ஆனால் மெட்ராஸிலிருந்து ஆள் வர வேண்டும். அந்த அறையில் நான் குளிரில் நடுங்கினேனா, பயத்தில் நடுங்கினேனா என்று எனக்கே தெரியாது.

வீட்டில் இதைவிடப் பெரிய பயம். பிராக்டிகலில் ஃபெயிலானால் படிப்பு அதோடு சரி, தை மாதம் கல்யாணம் என்று அப்பா சொந்தக்காரர்கள் நடுவில் வாக்குக் கொடுத்திருந்தார். சொன்னால் சொன்னதுதான், அவர் அப்படி. தினமும் எங்கள் ஊர் காணையிலிருந்து என்னைச் சைக்கிளில் விழுப்புரம் கூட்டிவந்து பஸ் ஏற்றிவிடுகிறவரும் அவர்தான்.

சரஸ்வதி பூசை முடிந்த கையோடு பிராக்டிகல் வந்தது. நான் எழுதிய புரோகிராமைச் சேமித்து வைத்திருந்த பிளாப்பியை, அந்த மெல்லிய சதுர அட்டையை, லீவுக்கு வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். அம்மா என் புத்தகங்களோடு அதையும் சாமி முன்னால் அடுக்கிவிட்டாள். பூசையில் வைத்ததை மறுபூசை வரைக்கும் தொடக் கூடாது என்பதால் நானும் தொடவில்லை. பரீட்சையன்று காலையில் உறையிலிருந்து எடுத்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் காந்தத் தகடு வெளியே தெரிகிற சின்ன இடுக்கில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

"உறையிலருந்து எடுத்துப் பாத்தேன், அதுக்கு நெத்தி எதுன்னே தெரியல. நடுவுல ஒரு எடம் தொறந்திருந்திச்சு, அங்க வெச்சேன்" என்றாள் அம்மா. அதை உறைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

பஸ்ஸில் வழி முழுக்க இதே யோசனைதான். பிளாப்பியை அப்படியே போட்டால் மிஷின் கெடும். சாரிடம் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார். துடைக்கலாமென்றால், விரல் பட்டாலே உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள். கடைசியில் அறை வாசலில் நின்று பிளாப்பியை சாரிடம் நீட்டினேன்.

"இத உள்ள விட்டா மிஷின் போச்சு" என்றார். பிறகு பீரோவிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்து, எனக்குத் தரும் நேரத்துக்குள் புரோகிராமை முதலிலிருந்து அடித்துக்கொள்ளச் சொன்னார்.

பின்னால் வெளிக் கல்லூரியிலிருந்து வந்த பரீட்சை அதிகாரி நின்றுகொண்டிருந்தார். அடித்தேன். பாதியில் டியூப்லைட் ஒருமுறை மங்கியது. கரண்டு போனால் அடித்ததெல்லாம் போச்சு. அந்த நொடியில் தாலி, பந்தல், மாமியார் வீடு எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. நல்லவேளை, கரண்டு போகவில்லை. இரண்டு இடத்தில் தப்புக் காட்டியது, திருத்தினேன். மூன்றாவது தடவை புரோகிராம் ஓடியது. அதிகாரி பாஸ் என்று சொல்லிவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்.

சாயந்திரம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அப்பா சைக்கிளோடு நின்றிருந்தார். பாஸ் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். ஊர் எல்லை வந்ததும், திரும்பிப் பார்க்காமல் மிதித்துக்கொண்டே சொன்னார்:

"காலையிலருந்து வயித்தக் கலக்கிக்கினே இருந்திச்சும்மா. நீ ஃபெயிலாயிருந்தா, சொன்ன சொல்ல நான் காப்பாத்தியிருக்கணுமே."