மஞ்சள் கையோடு அனுப்பினேன்

அறுபத்தெட்டாம் வருஷமோ அறுபத்தொன்பதோ, சரியாக நினைவில்லை. எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் ஓர் ஆரம்பப் பள்ளி. சனிக்கிழமைகளில் பெண் பிள்ளைகளுக்குச் சமையல் சொல்லித்தர முடியுமா என்று அதன் தலைமை ஆசிரியை கேட்டார். சம்பளம் கிடையாது. நானே ஐந்தாவதோடு நின்றவள், நாலு பேர் எதிரில் பேச வராது. ஆனாலும் ஆசையாகப் போனேன். பிள்ளைகள் என்னைப் போய் டீச்சர் என்று கூப்பிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை புளிசாதம். ஐந்தாவது படித்த ஒரு பெண் பருக்கை உடையாமல் அவ்வளவு பக்குவமாகக் கலந்தாள். வீட்டில் அப்பா பட்டு நெய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுகிற கை அது. முழுசும் நீயே கலந்துவிடு என்றேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மணிக்கட்டு வரை மஞ்சளும் நல்லெண்ணெயும். அதற்குள் மணி அடித்துவிட்டது. தறியில் அப்பா காத்திருப்பார் என்று அவசரப்பட்டாள். சோப்பு இருக்கிறதா என்று கேட்டாள்.

"தண்ணில கழுவிக்கினு ஓடு, போதும்" என்றேன்.

எங்கள் வீட்டிலும் தறி உண்டு. சமைத்த கையைச் சீயக்காய் போட்டுத் தேய்க்காமல் நான் பட்டுப் பக்கம் போனதே இல்லை. அன்று அது தோன்றவில்லை.

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து ஆள் வந்து என்னைக் கூப்பிட்டார்கள். அவள் அப்பா நின்றிருந்தார், பக்கத்தில் அவள். கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு நெய்த வெள்ளைப் பட்டில் அவள் விரல்கள் மஞ்சளாகப் பதிந்துவிட்டனவாம். நெய்யக் கொடுத்த முதலாளி அந்தப் புடவையைத் தொடக்கூட மாட்டாராம். அவள் அப்பா சத்தம் போடவில்லை.

"படிச்சது போதும்மா. வூட்லயே இருக்கட்டும்."

நன்றாகக் கழுவச் சொல்லவில்லையா என்று தலைமை ஆசிரியை என்னைக் கேட்டார். அந்தப் பெண் என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"டீச்சர் சோப்பு போடச் சொன்னாங்கப்பா. நான்தான் கேக்காம ஓடியாந்துட்டேன்."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

தப்பு என்னுடையது என்று சொல்லியிருந்தால், தலைமை ஆசிரியை அவள் அப்பாவிடம் கெஞ்சியாவது அவளைப் பள்ளியில் உட்கார வைத்திருப்பார். சொல்லவில்லை. அவளுடைய பெயரை அன்றைக்கே அடித்துவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமையிலிருந்து நானும் போகவில்லை.

எனக்குக் கூச்ச சுபாவம் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் அதையே சொல்லிக் காலத்தைத் தள்ளிவிட்டேன். ஆனால் ஒரு பத்து வயசுப் பெண்ணை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் ஒளிந்துகொண்டதற்குக் கூச்சம் என்று பெயர் வைக்க இந்த வயதில் எனக்கு மனம் வரவில்லை.