எருமையைச் சுற்றி வெள்ளை

புது கோல்ஃப் கிளப்ஹவுஸ். வெள்ளைக்காரர் காலத்து பங்களா மாதிரி உயர உயரமாகத் தூண்கள். உள்ளே நுழைந்ததுமே சுண்ணாம்பு வாசம் குப்பென்று அடித்தது.

கும்மிடிப்பூண்டி வீட்டுச் சுவரில் சின்ன வயதில் கரியால் ஓர் எருமை வரைந்திருந்தேன். பொங்கலுக்கு வெள்ளையடித்த அம்மா அதை விட்டுவிட்டுச் சுற்றி அடித்தாள். ஸ்டீல் கம்பெனியிலிருந்து வந்த நைனா கத்தினார்.

"ஊடு பூரா அடிச்சிட்டு இத்த மட்டும் இன்னாத்துக்கு உட்ட?"

"அது பாட்டுக்கு நின்னுகினு கீது. அது மேல எப்படிய்யா அடிக்கிறது?"

ஒவ்வொரு பொங்கலுக்கும் எருமை தப்பித்தது.

இன்றைக்கு இந்த கிளப்ஹவுஸில், விருந்தாளிகள் உட்காரும் ஹால் சுவரில், ஆளுயரத்துக்கு நான் வரைந்த எருமை. அம்மாவைக் கூட்டிப்போய் எதிரே நிறுத்தினேன். சுற்றியிருந்த வெள்ளைச் சுவரைத் தடவிப் பார்த்தவள், ஹாலே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னாள்:

"பாருடி, இவங்களும் எருமைய உட்டுட்டுதான் அடிச்சிருக்காங்க!"