தகரக் கூரைக்கு ஏற்ற பிராசஸர்

ஸ்டெல்லா போய்விட்டாள் என்று அவளுடைய அண்ணன் போனில் சொன்னபோது, திருவொற்றியூரில் நாங்கள் இருவரும் நடத்திவந்த கம்ப்யூட்டர் கடையில் பாதி பொருத்திய கேமிங் மெஷின் ஒன்று மேசைமேல் கிடந்தது. பிராசஸரை அவள்தான் பொருத்தியிருந்தாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், திரும்பவில்லை.

அவளை அறிந்தவர்களுக்கு அவள் வாயும் தெரியும். விலை உயர்ந்த பிராசஸர் கேட்டு வருபவரை மற்ற கடைக்காரர்கள் உட்காரவைத்து டீ சொல்வார்கள். இவள் மடக்குவாள். “இன்னா கேமுன்னு அப்பால சொல்லு. ஆடப்போற ரூம் எங்க கீது?” ஸ்கூட்டரில் போய் அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்துதான் முடிவு செய்வாள். வியாபாரம் பண்ணுகிறாயா, பெண் பார்க்கப் போகிறாயா என்று நான் கிண்டல் செய்வேன்.

மேசைமேல் கிடந்தது, துறைமுகத்தில் வேலை பார்க்கும் அருளுடைய மெஷின். ராயபுரத்தில் தகரக் கூரை போட்ட மாடி அறை அவனுக்கு. பழைய கம்ப்யூட்டர் ஆட்டத்தின் நடுவே திக்கித் திக்கி நின்றதால், கூட ஆடுபவர்கள் அவனை டீமிலிருந்து எடுத்துவிடப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிதான் கடைசி வாய்ப்பு. இருப்பதையெல்லாம் போட்டுப் பெரிய பிராசஸராக வாங்கிவிடத் துடித்தான். கடல் காற்று வருகிறதே என்று பழைய மெஷினை ஜன்னலோரம் வேறு வைத்திருந்தான். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் வைத்து உப்புக்குத் தின்னக் கொடுக்கிறோம். அறையைப் பார்க்கப் போன ஸ்டெல்லா அதை உள்ளே நகர்த்தினாள்.

“பெருச போட்டா இந்த சூட்டுல அது முழு வேகத்துல ஓடாது நைனா. அடக்கமா ஒண்ணு போதும். மிச்சத்த கிராபிக்ஸ் கார்டுல போடு, உன் கேமுக்கு வேல செய்யறது அதான்.”

அவளுடைய அடக்கத்துக்கு மறுநாள் அருள் கடைக்கு வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

“அண்ணே, எனக்குப் பயமா கீது. பெருசே போட்டுடேன்.”

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அவள் பார்த்த கணக்கு சரி என்பதில் சந்தேகமே இல்லை. “அவ பூட்டுனத நான் கழட்ட மாட்டேன்” என்றேன். கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தி, மெஷினை அவன் அறையில் ஜன்னலுக்கு எட்டாமல் வைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு மதியம், கூரை கொதிக்கும் நேரம். ஆட்டம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அருள் போன் செய்தான்.

“டீம்ல வெச்சிகினாங்கண்ணே. அக்காகிட்ட யாரு சொல்றது?”



நேற்று மாத்தூரிலிருந்து ஒருவர் வந்து பெரிய பிராசஸர் கேட்டார். ஸ்டெல்லா எனக்கு விட்டுப்போனது ஒரு கேள்வி. அதைக் கேட்டேன். மொட்டை மாடி அறை என்றார். அவளுடைய ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கடையைச் சாத்தினேன்.