அருள்மலர் பாடமாக்காத பக்கம்

என் மனைவி அருள்மலருக்கு எதையும் பாடமாக்காவிட்டால் தலை வெடித்துவிடும். கார் ஓடப் பழகிய காலத்தில் போக்குவரத்துப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை டேனிஷில் ஒப்புவித்தவள் அவள். நாற்பத்திரண்டு வயதில், டென்மார்க்கில் பிராண்டே என்ற ஊரின் முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டே, நேர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்று வெளிக்கிட்டாள். அதற்கு ஹேர்னிங்கில் பெரியவர்கள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் பாஸ் பண்ண வேண்டும். தவறினால் இன்னொரு வருடம்.

"சரித்திரத்துக்கும் ஊசி போடுறதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"வாயை மூடிக்கொண்டு காரை ஓடுங்கோ" என்றாள்.

அவள் எடுத்த தலைப்பு, அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் இருக்கும் சவானா என்ற பட்டினம். கிட்டடியில் ஒரு ஊரும் கிடைக்கவில்லையா என்று எனக்கு எரிச்சல். புத்தகத்தைப் புரட்டும்போது ‘எபெனேசர்’ என்ற பேர் கண்ணில் பட்டதாம். எங்கள் சபையில் அந்தச் சொல் இல்லாமல் யாரும் சாட்சி சொல்வதில்லை. இம்மட்டும் கர்த்தர் உதவினார் என்பதுதான் எங்களுக்கு அதன் பொருள். சால்ஸ்பர்க்கிலிருந்து மதத்துக்காகத் துரத்தப்பட்ட புரட்டஸ்தாந்துச் சனம் 1734இல் கப்பலேறிப் போய், சவானாவுக்கு மேலே குடியேறி, அந்தப் பேரை ஊருக்கு வைத்தது. மண் சரியில்லை. காய்ச்சலில் பலர் செத்தார்கள். இரண்டு வருடத்தில் ஆற்றங்கரை மேட்டுக்கு இடம் மாறினார்கள்; பேரையும் கூடவே கொண்டு போனார்கள்.

"அவையளும் எங்களைப் போல அகதியள்தான். அவையின்ர பாதிரிமாரை அனுப்பின ஜேர்மன் ஊர் ஹாலேயிலயிருந்துதான் தரங்கம்பாடிக்கும் டென்மார்க் ராசா பாதிரிமாரை எடுத்தவர், தெரியுமோ?"

தெரியாது என்றால் திரும்ப முதலிலிருந்து தொடங்குவாள். ஆகையால் ஓமோம் என்பேன்.

ஒவ்வொரு நாளும் காருக்குள் எனக்கு சவானாதான். 1733 பெப்ரவரியில் ஆங்கிலேயர் வந்து இறங்கியது, அங்கே இருந்த யமக்ரோ மக்களின் தலைவர் இடம் கொடுத்தது, சதுக்கம் சதுக்கமாகப் பட்டினத்தை அளந்தது, அடிமைகள் கூடாது என்று சட்டம் போட்டது, பதினாறு வருடத்தில் அதையே எடுத்துவிட்டது. அந்த இடம் வந்தால் அவளுக்குக் கோபம் வரும். "அடிமை வேண்டாமெண்டு கடதாசி எழுதின எபெனேசர்க்காரரும் பிறகு வாங்கினவை. அகதியாப் போனவனுமெல்லோ வாங்கிறான்!" என்று டாஷ்போட்டில் அடிப்பாள். நான் என்ன செய்ய, நானா வாங்கினேன்?

2009 ஏப்ரலுக்குப் பிறகு, அமெரிக்கச் சுதந்திரப் போரில் ஆங்கிலேயப் படை 1778இல் பட்டினத்தைத் திரும்பப் பிடித்த இடத்தோடு நிறுத்திவிடுவாள். அடுத்த பக்கம் 1782, போர் முடிந்து சனம் கப்பலேறும் பக்கம். "அதைப் பிறகு பாப்பம்" என்று கொப்பியை மூடுவாள். நான் கேட்கவில்லை. அவளுடைய ஒரே தம்பி நிதர்சன் இலங்கையில், வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தான். ஈஸ்டருக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

மே மாதம் அங்கே போர் முடிந்துவிட்டதாக டேனிஷ் தொலைக்காட்சியிலும் சொன்னார்கள். அதற்கு அடுத்த புதன்கிழமை சரித்திரச் சோதினை. அன்று காலை ஆறு மணிக்கு ஸ்கீவ ஊரிலிருந்து அவளின் அக்கா யோகமலர் எனக்கு போன் எடுத்தா. நிதர்சனோடு கூட நடந்து வந்த ஒருவர் அகதி முகாமிலிருந்து அக்காவின் சபைப் போதகருக்குச் சொல்லியிருக்கிறார். போர் முடிவதற்கு முந்திய சனிக்கிழமை செல் குண்டு விழுந்து நிதர்சன் போய்விட்டான்.

"தம்பி, சோதினை முடியுமட்டும் அவளுக்கு மூச்சுக் காட்டாதையும்" என்று யோகமலர் மச்சாள் அழுதா.

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, "போனை என்னட்டைத் தா, உள்ளுக்கு அடிச்சால் மரியாதையில்லை" என்றேன். ஒன்றுக்கு ஒன்பது கேள்வி கேட்கிறவள், பேசாமல் எடுத்துத் தந்தாள்.

டென்மார்க்கில் வாய்ச் சோதினையை யாரும் உள்ளே இருந்து பார்க்கலாம். ஒருத்தரும் அவளிடம் வாய் தவறிவிடக்கூடாது என்ற பயத்தில் நானும் போய்ப் பின்னால் இருந்தேன். அவளுடைய ஆசிரியை ஒருவர், வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஒருவர். மலர் தொடங்கினாள், தண்ணீர் பட்ட பாடு. திடீரெனப் பரீட்சகர் கையை உயர்த்தினார். "நல்லது. 1782இல் என்ன நடந்தது? யார் போனார்கள், யார் நின்றார்கள்?"

பாடமாக்கினவளை நடுவில் மறித்தால் என்ன செய்வாள்? "1733 பெப்ரவரி" என்று திரும்பத் தொடங்கினாள்.

"அது தெரியும், அருள்மலர்" என்றார் ஆசிரியை மெதுவாக. "கடைசியைச் சொல்லுங்கள்."

கர்த்தரே, அந்தப் பக்கமா கேட்க வேண்டும்!

மலர் நிமிர்ந்து இருந்தாள். பிறகு சொந்த டேனிஷில், பிழை பிழையாகப் பேசினாள்.

"ஜூலையில் ஆங்கிலேயப் படை கப்பலேறியது. ராசாவை நம்பியவர்களும் ஏறினார்கள். ஆயிரக்கணக்கான கறுப்பு மக்களையும் கொண்டு போனார்கள், கனபேரை அடிமைகளாகவே. எத்தனை பேர் என்று எழுதினார்கள். என்ன பேர் என்று எழுதவில்லை. கரையில் ஒரு அக்கா நின்றிருப்பாள். தம்பி கப்பலில் ஏறினானா, காட்டுக்குள் ஓடினானா, செத்தானா? அவளுக்கு யார் சொல்வது? வென்றவனும் சொல்லமாட்டான், போனவனும் சொல்லமாட்டான். கண்டவள் யாராவது வந்து சொன்னால்தான் உண்டு."

பரீட்சகர் பேனையை வைத்துவிட்டு, "இதை எந்தப் புத்தகத்தில் வாசித்தீர்கள்?" என்று கேட்டார்.

"ஒன்றிலும் வாசிக்கவில்லை" என்றாள் மலர். அவள் வாழ்க்கையில் முதல்தரம் அப்படிச் சொல்லிக் கேட்டேன்.

எங்களை வெளியே நிற்க வைத்து, பிறகு கூப்பிட்டுச் சொன்னார்கள். பத்து. இந்த ஊர்ப் புள்ளிக் கணக்கில் அதற்கு மேலே பன்னிரண்டு மட்டும்தான் இருக்கிறது. ஆசிரியை அவளைக் கட்டிப்பிடித்தார். எனக்குப் பெருமையில் அழுகை வந்ததா, மற்றதிலா, தெரியவில்லை.

காருக்குள் ஏறியதும் சொல்லத் தொடங்கினேன். "மலர், உன்னட்டை ஒண்டு சொல்லோணும்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"தம்பின்ர மனிசி கிருபாஷினி நேற்று மத்தியானம் முகாமிலயிருந்து எடுத்தவள். ஆரின்ரையோ போன். ஒரு நிமிசம்தான். தானே மண் அள்ளிப் போட்டு மூடினதெண்டு சொன்னாள்."

நேற்றுப் பின்னேரம் அவள் எனக்குக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். என் சட்டையை அயர்ன் பண்ணி வைத்தாள். உப்புக் குறைவு என்று நான் குறை வேறு சொன்னேன். மடையன்.

"எனக்கேனடி சொல்லேல்லை?" என்று கத்திவிட்டேன்.

"சொன்னால் அழுவன். அழுதால் இண்டைக்கு வந்திருக்கமாட்டன். அடுத்த வருசம் எனக்கு இந்தத் தெம்பு வராது." என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"காலமை ஆறு மணிக்கு."

"பாவம்" என்று என் கன்னத்தைத் தடவினாள். "இனி ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம். கதவை வடிவாச் சாத்துங்கோப்பா, அழுவம்."

சாத்தினேன்.